நர்சிங் பிள்ளைகளுக்குக் கணக்கு யார் சொல்லித் தருவது?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சாதாரண வகுத்தல்கூட வரவில்லை" என்று நர்சிங், பார்மசி கல்லூரிகளில் பாடம் நடத்துபவர்கள் அலுத்துக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன். பழியைப் பிள்ளைகள் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிளஸ் ஒன்னில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எடுத்தால் கணக்கு கிடையாது. பி.எஸ்சி. நர்சிங்கில் சேரவும் கணக்கு கேட்பதில்லை. நர்ஸ் ஆவதற்குக் கணக்கு எதற்கு என்று வீட்டிலும் பள்ளியிலும் நாம் சொன்னதை நம்பித்தான் அந்தப் பெண் பத்தாம் வகுப்போடு கணக்குப் புத்தகத்தை மூடினாள். சில வருடம் கழித்து அவளை வார்டில் நிறுத்தி, இந்த டிரிப் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்டால் திணறாமல் என்ன செய்வாள்?

நான் கணக்கு டீச்சர். அக்கம்பக்கத்து நர்சிங் மாணவிகள் சாயங்காலங்களில் சந்தேகம் கேட்க வருவார்கள். ஃபார்முலா எல்லோருக்கும் மனப்பாடம். 500 மில்லி சலைன், 4 மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் (டிரிப் குழாய்) என்றால், நிமிடத்துக்கு 42 சொட்டு என்று சரியாகச் சொல்வார்கள். அதையே மைக்ரோ செட்டாக, மில்லிக்கு 60 சொட்டாக மாற்றினால் பேனா நின்றுவிடும். மனப்பாடத்தில் அந்த 20 அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

அதனால் நான் முதலில் ஃபார்முலாவை எடுப்பதே இல்லை. பாரசிட்டமால் பாட்டில்களை வரிசையாக வைப்பேன். ஒன்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், இன்னொன்றில் 5 மில்லிக்கு 250, குழந்தைகளுக்கான டிராப்ஸில் ஒரே மில்லியில் 100. 12 கிலோ குழந்தை, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஆக 180 மில்லிகிராம். முதல் பாட்டிலில் ஏழரை மில்லி, அடுத்ததில் 3.6, டிராப்ஸில் வெறும் 1.8. அந்த ஏழரை மில்லியை டிராப்ஸ் பாட்டிலிலிருந்து எடுத்தால் குழந்தைக்குள் 750 மில்லிகிராம் போயிருக்கும். இதைத் தன் கையால் போட்டுப் பார்த்த மாணவி அப்புறம் லேபிளைப் படிக்காமல் மருந்து எடுக்க மாட்டாள்.

இன்சுலினும் அப்படித்தான். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக் குப்பியும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 20 யூனிட் போட வேண்டியவருக்கு 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி, அதாவது 50 யூனிட். நோயாளியின் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று அவர்களுக்கே தெரியும். விகிதசமம் என்றால் என்னவென்று அந்த இடத்தில் புரிந்துவிடுகிறது.

போனில் ஆப் இருக்கிறதே, மருந்தை அளந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கட்டும். தட்டிய எண்ணைத்தான் பம்ப் ஓட்டும். 5 மில்லிக்கு 250 என்றால் ஒரு மில்லிக்கு 50, அப்போது 180க்கு நாலு மில்லிக்குள்தான் வரும் என்று மனதில் ஒரு உத்தேசம் இருப்பவள், திரையில் 36 வந்தால் உடனே கையை எடுத்துவிடுவாள். அந்த உத்தேசத்தைத்தான் நாம் கற்றுத்தர வேண்டும்.

பிரிட்டனில் கோவென்ட்ரி பல்கலைக்கழகம் 1991லேயே கணக்கில் தடுமாறும் மாணவர்களுக்கென்று தனி மையம் திறந்தது. லஃப்பரோ பல்கலைக்கழகம் 1996இல் திறந்தது. எந்தத் துறை மாணவரும் முன்பதிவு இல்லாமல் உள்ளே போய், பின்னத்திலிருந்து புள்ளியியல் வரை உட்கார்ந்து கேட்கலாம். மதிப்பெண் கிடையாது, யாரும் முகம் சுளிப்பதும் கிடையாது. அந்த நாட்டின் நர்சிங் கவுன்சில் 2018இல் கொண்டுவந்த விதிப்படி மருந்துக் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் பாஸ். அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதுதான். ஆனால் அப்படிக் கேட்பதற்கு முன்னால், தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்க ஓர் இடம் இருக்க வேண்டும் இல்லையா? கைவிளக்கேந்திய காரிகை என்று நாம் கொண்டாடும் நைட்டிங்கேல் அம்மையார் 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தில் உறுப்பினரான முதல் பெண். நர்சிங்குக்கும் கணக்குக்கும் உறவில்லை என்று யார் சொன்னது!

நம் கல்லூரிகளில் இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஓர் அறை போதும். அங்கே ஒரு கணக்கு ஆசிரியரும், வார்டில் பழகிய ஒரு சீனியர் ஸ்டாஃப் நர்ஸும் சேர்ந்து உட்கார வேண்டும். கணக்கு ஆசிரியர் மட்டும் இருந்தால் ரயிலும் தண்ணீர்த் தொட்டியும்தான் வரும், ரத்த அழுத்தத்தைத் தூக்க டிரிப்பில் கணக்கிட்டு ஏற்றும் டோபமைன் வராது. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்குத் தமிழிலேயே விளக்க வேண்டும். இன்டர்னல் மார்க்கோடு இதை முடிச்சுப் போடவே கூடாது. போட்டால் கேட்க வேண்டிய பிள்ளைதான் முதலில் வராமல் போகும்.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறீர்கள். பக்கத்து நர்சிங் கல்லூரி முதல்வரிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். போகும்போது காலி சிரப் பாட்டில்களையும் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.