பொறு என்றால் துரோகியா?

நேற்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு காணொளி போட்டார். எல்லையில் நம் வீரர்களை யாரோ அடிக்கிறார்களாம். கீழே நாலு கொடி, "ரத்தம் கொதித்தால் உடனே பகிரு" என்று ஒரு வரி. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இது எப்போ எடுத்தது சித்தப்பா? கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே." ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "இந்த மண்ணில் சோறு தின்றுகொண்டு துரோகம் பேசாதே" என்று பதில் வந்தது. என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதர்!

வயிறு எரிகிறது. பொறு என்று சொல்வது எப்போதிருந்து துரோகம் ஆனது?

இந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குத் தெரியாதா என்ன? இலங்கையில் பண்டாரநாயக்க, 24 மணி நேரத்தில் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழி ஆக்குகிறேன் என்று சொல்லித்தான் ஓட்டு கேட்டார். தலைமுறை தலைமுறையாக இரண்டு மொழிக்காரர்களும் வாழும் தீவு. அதன் தலையெழுத்தை மாற்ற ஒரே ஒரு நாள்! 1956இல் ஜெயித்தார், அதே வருடம் சட்டமும் வந்தது. அப்புறம் 1957இல் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் போட்டுக் கொஞ்சம் இறங்கி வரப் பார்த்தார். உசுப்பிவிட்ட கூட்டம் சும்மா விடுமா? பிக்குகள் அவர் வீட்டு வாசலிலேயே வந்து உட்கார்ந்தார்கள். 1958 ஏப்ரலில் தான் போட்ட ஒப்பந்தத்தைத் தானே கைவிட்டார். அடுத்த மாதம் கலவரம். 1959இல் அவரையே சுட்டுக் கொன்றது ஒரு பிக்கு. அவரோடு முடிந்ததா? 2009இல் உள்நாட்டுப் போர் முடியும் வரை எத்தனை வீட்டுப் பிள்ளைகள் போனார்கள்!

அமெரிக்காவிலும் இதே கதைதான். இரட்டைக் கோபுரம் விழுந்து மூன்றாம் நாள், படையை ஏவ அதிபருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 420, எதிர்ப்பு 1. அந்த ஒருவர் பார்பரா லீ. கொஞ்சம் நிதானமாக யோசிப்போம் என்றுதான் கேட்டார். அதற்குத் துரோகிப் பட்டம், கொலை மிரட்டல். அந்தத் தீர்மானத்தை வைத்துத் தொடங்கிய ஆப்கானிஸ்தான் போர் 20 வருடம் நடந்தது.

நாட்டின் மேல் எனக்கும்தான் பாசம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பழைய வண்டி வாங்கவே நாலு பேரிடம் விசாரிக்கிறோம், ஓட்டிப் பார்க்கிறோம். பல தலைமுறையைக் கட்டிப்போடும் சட்டத்தை விவாதமே இல்லாமல் நிறைவேற்றினால் மட்டும் "ஆண்மையான முடிவு" என்று கைதட்டுகிறோம். எதற்கு இவ்வளவு வேகம் என்று கேட்டால் நீ எந்த நாட்டு ஆள் என்கிறார்கள். போருக்குப் போ போ என்று தொலைக்காட்சியில் தொண்டை கிழியக் கத்துகிறவர்களில் எத்தனை பேர் தன் பிள்ளையை அனுப்புவார்கள்?

காலையில் தெரிந்துவிட்டது, அந்தக் காணொளி பல வருடம் பழசு. வேறு ஏதோ நாட்டில் எடுத்தது. சித்தப்பா சத்தமில்லாமல் நீக்கிவிட்டார். "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று இருக்கிறது. என்னைத் துரோகி என்ற வரியை மட்டும் நீக்கவில்லை. அதற்குக் கீழே என் சொந்தக்காரர்கள் ஏழு பேர் போட்ட கைதட்டலும் அப்படியே இருக்கிறது.