குண்டு எழுத்து என்றால் சுழியை அடைப்பதா?

காதுகுத்து ஃப்ளெக்ஸில் குழந்தையின் பெயரைக் கொழுகொழுவென்று குண்டு எழுத்தில் போடச் சொல்கிறோம். சரியான ஆசைதான். மதுரையில் பல கடைகளில் அதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஏதாவது ஒல்லியான பழைய ஃபான்ட்டை எடுத்து, சுற்றிலும் தடியாக ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) கொடுத்து ஊத வைக்கிறார்கள். கோடு வெளியே மட்டுமா தடிக்கும், உள்பக்கமும் தடிக்கும். ‘அண்ணன் மகள்’ என்று போட்டால் மூன்று சுழி ண-வும் ரெண்டு சுழி ன-வும் அடைத்துப்போய் ஒரே திட்டாகிவிடும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் எது ண, எது ன என்று தெரியாது.

இதைப் பார்த்துவிட்டு, தமிழுக்கே குண்டு எழுத்து பொருந்தாது என்று டிசைன் படித்தவர்களும் சொல்லும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. அதனால்தான் ‘ஹேப்பி பர்த்டே’ மட்டும் ஆங்கிலத்தில் துள்ளிக் குதிக்கிறது, கீழே பிள்ளையின் தமிழ்ப் பெயர் விண்டோஸோடு வந்த லதா ஃபான்ட்டில் விறைத்து நிற்கிறது.

பொருந்தாது என்பவர்கள், கையால் போர்டு எழுதிய பழைய ஜிகர்தண்டா வண்டி எங்காவது நின்றால் கிட்டே போய்ப் பார்க்கட்டும். ‘ஜிகர்தண்டா’வில் ஜ ஒரு சுருள், அடுத்து ர் மேலே புள்ளி, அப்புறம் ண். எல்லாமே இடத்தை அடைக்கிற எழுத்துகள். நல்ல ஓவியர் வெளிக்கோட்டைத் தாராளமாகத் தடிக்க விடுவார். சுழிக்குள் திரும்பும்போது மட்டும் பிரஷ்ஷை லேசாக்கி, கோட்டை மெலிய விடுவார். உள்ளே வெளிச்சம் நிற்கும். எழுத்து குண்டாகவும் இருக்கும், படிக்கவும் முடியும். குண்டு எழுத்தின் வித்தை முழுக்க அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. ஸ்ட்ரோக் பட்டனுக்கு அது தெரியாது.

இப்போது அந்த வித்தையோடு வந்த ஃபான்ட்களும் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது ‘பாலூ தம்பி’. மும்பை ஏக் டைப் குழு ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்குச் செய்த பாலூ குடும்பத்தில் தமிழுக்கானது. மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, நமக்குத் தம்பி. ‘காயினி’ இன்னும் உருண்டை, தீனிக்கடைப் பலகைக்கு அருமையாக இருக்கும். நம்ம ஊர்ப் பெயரிலேயே ‘அரிமா மதுரை’ என்று ஒன்று வந்தது. அது குண்டு என்பதைவிட மென்மை, கல்யாணப் பத்திரிகைக்கு நன்றாக வரும். மூன்றும் திறந்த உரிமத்தில், கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம்; இப்போது அங்கே தம்பியை ‘பாலூ தம்பி 2’ என்றும், மதுரையை ‘அரிமா’ என்றும் தேட வேண்டும்.

இவை யூனிகோட் ஃபான்ட்கள். “யூனிகோட் போட்டால் கொம்பு இடம் மாறுதுண்ணே” என்று கடைத்தம்பிகள் சொல்வார்கள். பழைய மென்பொருளில் அது உண்மையான தொல்லைதான். புதிய ஃபோட்டோஷாப்பில், எழுத்து அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்; கொ, கோ ஒழுங்காக நிற்கும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இந்த எழுத்தைப் போடாதீர்கள். துள்ளுகிற எழுத்துக்கு அங்கே வேலையில்லை.

சித்திரைத் திருவிழா நீர்மோர்ப் பந்தலுக்கு, பிறந்தநாளுக்கு, பள்ளி ஆண்டு விழாவுக்குப் பேனர் அடிக்கக் கொடுப்பவர்கள் ஃபான்ட் பெயரைச் சொல்லியே கொடுங்கள். ஸ்ட்ரோக் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கடைக்காரருக்கு நிறுவத் தெரியவில்லை என்றால் உள்பெட்டிக்கு வரச் சொல்லுங்கள், நான் சொல்லித் தருகிறேன்.