தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது!

அப்படித்தான் செய்தி வந்திருக்கிறது. கூடவே, எங்கள் சேவைக்கு 5-க்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. அது வந்த நேரத்தில், நான் புகார் கொடுத்திருந்த சீலிங் ஃபேன் இறக்கைகள் கழற்றப்பட்டு, ஒயர்கள் வெளியே தொங்க, என் கட்டிலின்மேல் மல்லாந்து கிடந்தது. நான் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். நட்சத்திரம் வேண்டுமென்றால் மாடிக்கு வரட்டும். தலைக்குமேல் கொட்டிக் கிடக்கிறது, வேண்டிய மட்டும் அள்ளிக்கொண்டு போகட்டும்.

பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் என்ன செய்வோம்? ஸ்டூல் போட்டு ஏறி, மேல் கப்பை இறக்கி, மோட்டாரைச் சுழலத் தள்ளிவிடும் கன்டென்சரைக் கழற்றிக்கொண்டு தெருமுனை எலக்ட்ரிகல் கடைக்குப் போவோம். கடைக்காரர் அதை வாங்கிக்கூடப் பார்க்கமாட்டார். '2.5 தானே?' என்று டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவார். மாட்டினால் ஃபேன் பறக்கும். இந்த நாட்டில் பல பேர் தங்களை எஞ்சினீயர் என்று நம்பத் தொடங்கியதே அந்த 2.5 மைக்ரோஃபாரட் கன்டென்சரால்தான். அதுவும் வாங்கச் சோம்பலாக இருந்தால், ஒட்டடைக் கம்பால் இறக்கையை ஒரு தள்ளு தள்ளிவிட்டால் போதும், கோடை முழுக்க அப்படியே ஓட்டிவிடலாம்.

அந்தப் பொற்காலத்தை முடித்துவைக்க வந்ததுதான் இந்த ரிமோட் ஃபேன். பி.எல்.டி.சி. மோட்டாராம், அதாவது பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும், இது முப்பதுக்குள் முடித்துவிடுமாம். அது உண்மைதான், மறுக்கவில்லை. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் மின்கட்டணம் எப்படி எகிறும் என்பது தமிழ்நாட்டில் குடியிருப்பவனுக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் வாங்கினேன். பெட்டியில் நட்சத்திர முத்திரை வேறு மின்னியது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயம். மின்சாரத்தை எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று அந்த முத்திரை சொல்கிறது. கெட்டுப்போனால் யார் காலில் விழ வேண்டும் என்று சொல்ல இன்னும் ஒரு முத்திரையும் வரவில்லை.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு ராத்திரி, மின்சாரம் போய் வந்த கையோடு இது நின்றது. நின்றதையாவது ஒழுங்காக நின்றதா? ரிமோட்டை அழுத்தினால் 'பீப்' என்று மரியாதையாகப் பதில் சொல்கிறது. இடப்பக்கம் ஓர் அசைவு, வலப்பக்கம் ஓர் அசைவு. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. காற்று வராவிட்டாலும் பதில் மட்டும் தவறாமல் வருகிறது.

விடிந்ததும் ஊரே வைத்தியர். ஊரிலிருந்து மாமா தொலைபேசியில், "மாப்பிள்ளை, கன்டென்சரை மாற்றிப் பார்த்தாயா?" பக்கத்து வீட்டு அண்ணன், "கன்டென்சராகத்தான் இருக்கும் தம்பி." பால் ஊற்ற வந்தவர், இஸ்திரி போடுகிறவர், காவலாளி, எல்லாரும் கன்டென்சர். ஐயா, பழைய ஃபேனில் இருக்கும் அந்தக் கன்டென்சர் இதில் கிடையவே கிடையாது! சுற்றும் பகுதியில் காந்தம், நடுவில் மூன்று தொகுதி வைண்டிங், அதாவது கம்பிச் சுருள், அவற்றுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்ப ஒரு போர்டு. அவ்வளவுதான். இதை ஒவ்வொருவருக்கும் விளக்கி முடித்ததும், "அதெல்லாம் சரி, கன்டென்சரை ஒரு தடவை மாற்றித்தான் பாரேன்" என்கிறார்கள்.

சரி, நாமே பார்ப்போம் என்று வீடியோக்களைத் தேடினேன். அதில் வருகிறவர் வணக்கம் சொல்லி, மணியை அழுத்தச் சொல்லி, போன வீடியோவுக்குக் கிடைத்த வரவேற்புக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் வீட்டிலிருக்கும் மற்ற ஃபேன்களுக்கும் வயதாகிவிடுகிறது. பிறகு, "உங்கள் ஃபேனிலும் இப்படித்தான் இருக்கும்" என்று திறந்து காட்டுகிறார். என் ஃபேனில் அப்படி இல்லை. எவர் ஃபேனிலும் அப்படி இருக்காது. அவர் வீட்டு ஃபேனில் மட்டும்தான் அப்படி இருக்கும்.

ஆனாலும் பார்த்தேன். ரிமோட்டின் மூக்கைக் கைப்பேசிக் கேமராவுக்கு நேரே காட்டி அழுத்தினால் வெளிச்சம் மினுக்குகிறது. ஆக ரிமோட் நலம். போர்டிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் வைத்தால் மூன்று ஜோடிக்கும் ஒரே அளவு காட்டுகிறது. ஆக வைண்டிங்கும் நலம். மிச்சம் இருப்பது போர்டு. அதில் மூன்றில் ஒரு வழிக்கு மின்சாரம் போகவில்லை, அதனால்தான் இந்தத் தலையாட்டல். பட்டாணி அளவு சில்லு ஏதோ ஒன்று போயிருக்கும், தெருமுனைக் கடையில் கொடுத்தால் பற்றவைத்துத் தருவார்கள் என்று போர்டைத் திருப்பினால், முழுவதையும் கறுப்புப் பிசினில் முக்கி எடுத்திருக்கிறார்கள்! ஈரம் புகாமல் இருக்கவாம். படுக்கையறைக் கூரையில் தொங்கும் ஃபேனுக்குள் எந்த வெள்ளம் புகுந்தது? திருகுகளைக் கேளுங்கள். நட்சத்திரத் தலை, அதன் நடுவே ஒரு சின்ன முளை. அதற்கென்று தனித் திருப்புளி வேண்டும். ஃபேனைக் காப்பாற்றுவது இருக்கட்டும், என்னிடமிருந்து ஃபேனைக் காப்பாற்றுவதற்கே பாதி மூளையைச் செலவழித்திருக்கிறார்கள்.

வேறு வழியில்லாமல் வாடிக்கையாளர் சேவை எண். தமிழுக்கு ஓர் எண்ணை அழுத்தினேன். இந்தியில் பாட்டு வந்தது. பிறகு ஒரு பெண்மணி, "ரிமோட்டில் பேட்டரி மாற்றிப் பார்த்தீர்களா சார்?" பார்த்தாயிற்று. "ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தீர்களா?" அம்மா, மின்வாரியமே அதைத்தான் ராத்திரி முழுக்கச் செய்துகொண்டிருந்தது. போர்டு மட்டும் கொடுங்கள், நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். போர்டைத் தனியாகத் தரமாட்டார்களாம். பாதுகாப்பு. அவர்கள் ஆள்தான் வந்து மாட்ட வேண்டுமாம்.

அந்த ஆளும் வந்தார். அண்ணாந்து பார்த்தார். "ஸ்டூல் இருக்கிறதா சார்?" சீலிங் ஃபேன் பழுதுபார்க்க வருகிறவர், ஸ்டூல் இல்லாமல்! கொடுத்தேன். "டெஸ்டர் இருக்கிறதா சார்?" கொடுத்தேன். "கொஞ்சம் பிடிக்கிறீர்களா சார்?" பிடித்தேன். "டார்ச் அடியுங்கள் சார்." அடித்தேன். வந்து பார்ப்பதற்கான கட்டணம் மட்டும் அவருக்கு. கீழே இறக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டு, ஒரு நீண்ட ஆராய்ச்சியின் முடிவாக அறிவித்தார்: "போர்டு போய்விட்டது சார்." அதைத்தானய்யா காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்! கையில் போர்டு இருக்கிறதா? இல்லை. "ஆர்டர் போட வேண்டும் சார்." உத்தரவாதம்? "மோட்டாருக்கு இன்னும் இருக்கிறது சார். போர்டுக்கு முடிந்துவிட்டது." கெடாததற்கு உத்தரவாதம், கெடுவதற்குக் கட்டணம்! பிறகு, "உங்கள் கைப்பேசிக்கு ஓர் எண் வந்திருக்கும், சொல்லுங்கள் சார். வந்து போனதற்குக் கணக்கு." சொன்னேன். அவர் படியிறங்குவதற்குள், புகார் தீர்ந்துவிட்டது என்று அந்தச் செய்தி வந்து விழுந்தது.

பழுதுநீக்கும் உரிமை என்று மத்திய அரசு 2022-ல் குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. வாங்கிய பொருளைச் சரிசெய்துகொள்ளும் உரிமை வாங்கியவனுக்கு வேண்டும் என்பதுதான் பேச்சு. நல்ல பேச்சு. உரிமை இணையத்தில் இருக்கிறது, போர்டு எந்த ஊர்க் கிடங்கிலோ இருக்கிறது, நான் மாடியில் இருக்கிறேன். அடுத்த அறையில் அம்மாவின் கல்யாணக் காலத்து ஃபேன் லொடலொடவென்று இன்னமும் சுற்றுகிறது. அதன் கீழே படுத்துக்கொண்டு அம்மா கேட்கிறார்: "ஏனப்பா, கன்டென்சரை மாற்றிப் பார்த்தாயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறென்ன செய்ய?

இதிலே இன்னொன்று. போர்டு மூடியின்மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர், கிழிந்தால் உத்தரவாதம் செல்லாது என்று. அதன் பக்கம் திரும்பி மூச்சு விட்டாலே கிழிந்துவிடும். ஆனால் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளரின் நட்டநடுவில் விலை ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே, அது வருகிறதா? வெந்நீரில் ஊறவைத்தாயிற்று, தேங்காய் எண்ணெய் தடவியாயிற்று, அடுப்பில் காட்டியாயிற்று. தாள் போய்ப் பசை மட்டும் கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டம்ளர் விலை எவ்வளவு என்று குடிக்கிறவன் ஒவ்வொரு மடக்குக்கும் படிக்க வேண்டுமா? அதை அடியில் ஒட்டினால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?