வழக்கு கூடினால் குற்றம் கூடிவிட்டதா?

மாநிலங்களின் குற்ற நிலவரம் பற்றி வந்த கட்டுரை, வழக்கு எண்ணிக்கையை வைத்து அவற்றை 'பாதுகாப்பானது, ஆபத்தானது' என்று தரம் பிரித்திருப்பது சரியில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவது போலீஸ் பதிந்த வழக்குகளைத்தான். 2020-ல் நாடு முழுக்க வழக்குகள் 28 சதவீதம் எகிறின. திருட்டு குறைந்த வருஷம் அது! ஊரடங்கை மீறியதாக, அரசு உத்தரவை மீறுவதற்கான அன்றைய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவு உள்ளிட்டவற்றில் போட்டுத் தள்ளிய வழக்குகளே முக்கியக் காரணம். அதில் தமிழ்நாடு முன்வரிசை.

மறுபக்கம், கணவனிடம் அடிவாங்கும் பெண்களில் எத்தனை பேர் ஸ்டேஷன் படியேறுகிறார்கள்? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் மணமான பெண்களில் பத்துக்கு மூன்று பேர் கணவனின் வன்முறையைச் சொன்னார்கள். காவல்துறைக் கணக்கில் இதில் சிறு துளிதான் இருக்கிறது.

'வறுமையே குற்றத்துக்குக் காரணம்' என்று அந்தக் கட்டுரை வந்திருக்கும் முடிவும் அவசரம்தான். ஏழை மீது வழக்குப் போடுவது சுலபம் சார்; அதனாலேயே கணக்கில் அவர்கள் கூடுதலாகத் தெரியலாம்.