காலம் தீர்ப்பளிக்கட்டும் என்பவர்களுக்கு

இளம் இயற்பியலாளர்களுக்கான பரிசுப் பட்டியல் வெளியானபோது இங்கே நடந்த விவாதத்தை நண்பர்கள் பலரும் படித்திருப்பீர்கள். முப்பது வயதில் எதற்குப் பரிசு, ஆய்வு நல்லதாக இருந்தால் காலம் தீர்ப்பளிக்கும், அதுவரை பொறுத்திருக்கட்டும் என்று மூத்தவர் ஒருவர் எழுதியதும், அதற்குக் குவிந்த விருப்பக்குறிகளும் என்னை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கின்றன. அவர்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் நிரந்தரப் பணியில் வாழ்நாளெல்லாம் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், அடுத்த ஆண்டு எங்கே இருப்போம் என்றே தெரியாதவர்களுக்குப் பொறுமையை உபதேசிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காலம் தீர்ப்பளிக்கத்தான் செய்கிறது. எப்போது அளிக்கிறது என்பதுதான் என் கேள்வி. புரோட்டான்களுக்குள் இருக்கும் குவார்க் துகள்கள் நெருங்க நெருங்க அவற்றுக்கிடையிலான வலுவிசை தளர்கிறது என்று 1973-இல் கணக்கிட்டுக் காட்டிய மூவரில் வில்செக்கும் பொலிட்சரும் அப்போது ஆய்வு மாணவர்கள். நோபல் பரிசு வந்தது 2004-இல். அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதற்கு வழிகாட்டிய பீட்டர் ஹிக்ஸின் கட்டுரை 1964-இல் வெளியானது. அதற்கான நோபலைப் பெற அவர் மேடையேறிய 2013-இல் அவருக்கு வயது 84. அதே 1964-இல் அதே கருத்தை எங்லர்ட்டுடன் சேர்ந்து முன்வைத்த ராபர்ட் பிரவுட், 2011-லேயே காலமாகிவிட்டார். காலத்தின் தீர்ப்பு சரியாகவே இருந்தது. அதைக் கேட்க அவர் இல்லை.

இளம் வயதுப் பரிசு இந்தத் தீர்ப்புக்குப் போட்டியாக வருவதல்ல. அதன் வேலையே வேறு. முனைவர் பட்டம் முடித்தவருக்கு இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு போஸ்ட்டாக் பணி கிடைக்கிறது. முதல் ஆண்டு புதிய குழுவின் சிக்கல்களைப் புரிந்துகொள்வதில் கழிகிறது. அடுத்த ஆண்டு தொடங்கும்போதே அடுத்த பணிக்கு விண்ணப்பம் எழுதியாக வேண்டும். ஆக, கடினமான ஒரு கேள்வியைத் துணிந்து எடுத்தால், விடை வருவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடும். அந்தக் கட்டத்தில் வருகிற அங்கீகாரம்தான் ஒருவரைத் துறையில் தங்க வைக்கிறது. எண்பது வயதில் கழுத்தில் விழும் பதக்கம் அதைச் செய்யாது.

எனக்கு மூத்த ஆய்வாளராக இருந்த ஒரு அக்காவின் நினைவு வராமல் இதை எழுத முடியவில்லை. குறியீட்டுப் பிழை ஒன்றைத் தேடி, பென்சிலால் எழுதிய பக்கங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, முழங்காலிட்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். வெளியான கணக்கில் எங்கோ 2 என்ற காரணி விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். இரண்டாவது ஒப்பந்தம் முடிந்தபோது, "உங்கள் தகுதியில் ஐயமில்லை, போட்டி கடுமையாக இருந்தது" என்ற ஒரே வாசகத்தை வெவ்வேறு இடங்களிலிருந்து பெற்றார். பிறகு ஒரு நிதி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். அவர் பொறுமை இல்லாதவர் என்று யாராவது என் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும்.

நாளை தவறென்று தெரியவரும் கோட்பாட்டுக்கு இன்று பரிசு கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இப்பரிசுகளில் பல, இயற்கையைப் பற்றிய ஊகங்களுக்கு அல்ல, கணக்கிடும் முறைகளுக்கும் கருவிகளுக்கும் தரப்படுகின்றன. இளம் இயற்பியலாளர்களுக்கான நியூ ஹொரைசன்ஸ் பரிசை 2014-ஆம் ஆண்டுக்குப் பெற்றவர்களில் ஒருவரான ரிச்கோவ், கன்ஃபார்மல் பூட்ஸ்டிராப் என்ற முறைக்குப் புத்துயிர் ஊட்டியவர். சமச்சீர்மையையும் உள்முரணின்மையையும் மட்டுமே பிடித்துக்கொண்டு, எந்த எண்கள் சாத்தியம், எவை சாத்தியமில்லை என்று வடிகட்டிக்கொண்டே போகும் முறை அது. காந்தங்களுக்கும், நீரும் நீராவியும் வேறுபாடற்றுப்போகும் மாறுநிலைக்கும் பொதுவான எண்களை அதைக்கொண்டு வியக்கத்தக்க துல்லியத்துடன் கணக்கிட முடிகிறது. இதற்கு எந்தத் துகள் முடுக்கியின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும்?

பரிசு கிடைத்துவிட்டால் உழைப்பு நின்றுவிடும் என்பவர்களுக்கு இந்திய இயற்பியலாளர் அசோக் சென் ஒருவரே போதும். வளரும் நாடுகளின் இளம் அறிவியலாளர்களுக்கு இத்தாலியில் உள்ள பன்னாட்டு இயற்பியல் மையமான ஐசிடிபி தரும் பரிசை அவர் 1989-இல் பெற்றார். இடைவினை வலுவாக இருக்கும் நிலையையும் பலவீனமாக இருக்கும் நிலையையும் இணைக்கும் இருமை குறித்த அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வந்தது 1994-இல்.

பணம் கெடுத்துவிடும் என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. பிரேக்த்ரூ பரிசாக மூன்று மில்லியன் டாலர் பெறும் மூத்தவர்களைக் கெடுக்காத பணம், நியூ ஹொரைசன்ஸ் பரிசாக அதில் முப்பதில் ஒரு பங்கைப் பெறும் இளையவர்களை மட்டும் எப்படிக் கெடுக்கும்?

பலர் கூடி உழைத்த ஆய்வில் ஒருவருக்கு மட்டும் எப்படிப் பரிசு தருவது என்ற ஆட்சேபம் மட்டும் உண்மையிலேயே வலிமையானது. 2025-இல் செர்ன் ஆய்வகத்தின் துகள் முடுக்கியான பெரும் ஹாட்ரான் மோதுவியின் நான்கு குழுக்களுக்கு பிரேக்த்ரூ பரிசு கிடைத்தபோது, அதில் பங்குள்ளவர்கள் 13,508 பேர். அவர்களில் ஒரு இளைஞரைத் தனியே பிரித்துப் பெயர் சொல்வது கடினம்தான். அப்பரிசுத் தொகையை முனைவர் பட்ட மாணவர்களின் உதவித்தொகைக்கென்று செர்ன் சார்ந்த அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டார்கள். கூட்டாக உழைத்தவர்களே பணம் இளையவர்களிடம் போக வேண்டும் என்று முடிவெடுத்திருக்கும்போது, வெளியே நிற்கும் நாம் எதற்காக மறுக்கிறோம்?

1967-இல் ரேடியோ தொலைநோக்கியின் பதிவுத்தாளில், பல்சர் எனப்படும் துடிவிண்மீனின் தடத்தைக் கவனித்த ஜோசலின் பெல் அப்போது மாணவி. 1974-இன் நோபல் அவருடைய வழிகாட்டிக்குப் போனது. பெல்லுக்கென்று பெரும்பரிசு 2018-இல் வந்தபோது, வாய்ப்பு குறைந்த பின்னணிகளிலிருந்து வரும் ஆய்வு மாணவர்களுக்கென்று முழுத் தொகையையும் கொடுத்துவிட்டார். காத்திருப்பின் வலியை அவரைவிட அறிந்தவர் யார்?

இளையோர் பரிசுகளில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பிய இயற்பியல் கழகத்தின் கிரிபோவ் பதக்கம் 35 வயதுக்குள் என்று கோடு போடுகிறது. குழந்தைப்பேற்றுக்காகவோ நோய்க்காகவோ ஒதுங்கி நின்றவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டியபின்தான் திரும்பி வருகிறார்கள். பன்னாட்டு இயற்பியல் ஒன்றியமான ஐயுபேப் அமைப்பின் பரிசோ முனைவர் பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டுகள் என்று எண்ணி, இடைவெளிகளைக் கழித்துவிடுகிறது. எல்லாப் பரிசுகளும் இப்படித்தான் எண்ண வேண்டும். அதைப் பற்றி வாதிட வாருங்கள், நானும் வருகிறேன். பரிசே வேண்டாம் என்பவர்களுடன் இனி எனக்குப் பேச எதுவும் இல்லை.