பூக்கோவாவுக்கு ஒரு போட்டோ

(இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசைவீடான லயத்து வாசலில் மதினி ராசாத்தி லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கொழுந்தன் சிவா போனை நீட்டுகிறான்.)

ராசாத்தி: என் செம்பருத்திக்கு என்ன ஆச்சு தம்பி? காலையில்கூட நல்லாத்தானே இருந்தது! இப்படிச் சாம்பலாக்கி வைத்திருக்கிறாயே, ஒரு மாலையைப் போட்டுக் கருமாதியும் முடித்துவிடலாம்.

சிவா: இது கலை மதினி. கறுப்பு வெள்ளை. நிறத்தை எடுத்துவிட்டால் பூவோட உருவம் மட்டும் நிற்கும்.

ராசாத்தி: எங்கே நிற்கிறது? பூ எது, இலை எதுன்னே தெரியவில்லை.

சிவா: சிவப்பும் பச்சையும் அப்படித்தான், நிறம் போனதும் சில நேரம் ரெண்டும் ஒரே சாம்பல். பிலிம் காலத்தில் லென்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டுவார்கள், பூ வெளுக்கும், இலை கறுக்கும். இப்போ போனிலேயே சிவப்போட வெளிச்சத்தை மட்டும் ஏற்றிவிடலாம். இதோ.

ராசாத்தி: ஐயோ, வெள்ளைச் செம்பருத்தி! நான் நட்டது சிவப்புடா.

சிவா: இதுவாவது பரவாயில்லை. ஜூலியா மார்கரெட் கேமரன்னு ஒரு வெள்ளைக்கார அம்மா, படம் எடுப்பதில் உலகப் பேர் வாங்கியவர், 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இறந்து, நம்ம பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தில்தான் அடக்கம். அந்தக் காலத்தில் பிலிமுக்குப் பதில் இருந்த கண்ணாடித் தகட்டுக்குச் சிவப்பு உறைக்கவே உறைக்காது. உங்கள் செம்பருத்தியை எடுத்திருந்தால் கரியாகத்தான் விழுந்திருக்கும்.

ராசாத்தி: அந்த அம்மா பூவா எடுத்தார்?

சிவா: ஆட்களைத்தான். இங்கே இருந்த சனங்களையும் எடுத்திருக்கிறார். படம் விழும்வரைக்கும் அசையாமல் நிற்க வேண்டும்.

ராசாத்தி: நிற்க வைத்ததுக்கு முழுநாள் கூலிக்கு முழுப்பேர் போட்டாரா, அரைநாளுக்கு அரைப்பேரா?

சிவா: மதினி! வெள்ளைப் பூ ஏதாவது இருக்கா? பனிமூட்டம் இறங்கிவிட்டது, இந்த வெளிச்சத்தில்தான் இதழோட மடிப்பெல்லாம் விழும், வெயிலில் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

ராசாத்தி: இந்தா.

சிவா: இது பூக்கோவா, காலிஃப்ளவர். கறிக்கு வெட்டுவது.

ராசாத்தி: இதுவும் பூதான், விரியிறதுக்கு முந்தி வெட்டிவிட்டோம். எடு.

சிவா: சரி, அந்தக் கறுப்புக் கம்பளியைப் பின்னால் பிடிங்க. கிட்டே, இன்னும் கிட்டே... அட, குமிழுக்குள்ளே குமிழாகச் சுற்றிச் சுற்றி ஏறுது பாருங்க! இப்போ பச்சையோட வெளிச்சத்தை மட்டும் இறக்குகிறேன், அடியில் இருக்கிற இலை கறுத்துப்போகும்.

ராசாத்தி: அதென்ன நடுவில் கறுப்பாக நெளியுது?

சிவா: நிழல்.

ராசாத்தி: நிழலுக்குக் கால் முளைக்குமா? புழுடா! இத்தனை நேரம் கையில் வைத்திருக்கிறேன், இளம்பச்சைப் புழு, என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. உன் கலை நல்ல கலை தம்பி.

சிவா: (நெகிழ்ந்து) நிஜமாகவா மதினி?

ராசாத்தி: பின்னே? கொல்லையில் இன்னும் ரெண்டு பாத்தி நிற்குது. இருட்டுறதுக்கு முந்தி ஒண்ணு விடாமல் எடுத்துவிட்டு வா, எதுக்கெல்லாம் மருந்தடிக்கணும்னு பார்க்கலாம்.