படுத்தால்தான் பணம்

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது இன்சூரன்ஸ் கம்பெனி பெரிதாக இழுத்தடிக்கவில்லை. இழுபறியெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். டிஸ்சார்ஜ் ஆனதிலிருந்து 60 நாள் வரைக்கும் மருந்து பில் கொடுத்தால் காசு வரும். அதற்கு மேல் உங்கள் பாடு. இதயம் பலவீனம், ஆயுசு முழுக்க மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஆயுசு எங்கே, 60 நாள் எங்கே?

அரசுக் காப்பீட்டிலும் இதே கதைதான். 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் 5 லட்சம் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்தது. நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அதில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு மருந்து 15 நாளைக்குத்தான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் பொடி வைத்தே காலத்தை ஓட்டியவர் அப்பா. கால் கிராம் வெள்ளி கூட வீணாக விடமாட்டார். அந்தக் கணக்கை மாத்திரையிலும் போட்டுவிட்டார். காலையும் இரவும் போட வேண்டிய மாத்திரையைக் காலையில் மட்டும் போட்டிருக்கிறார். மாசக் கடைசியில் அட்டை காலியாகாமல் இருந்ததைப் பார்த்துதான் அம்மாவுக்கே தெரிந்தது. கேட்டால், "நல்லாத்தானடா இருக்கேன், எதுக்கு தெண்டச் செலவு?" அடுத்த சில நாளில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கி, ஐசியூ. அந்த பில்லை மட்டும் கம்பெனி மறுபேச்சில்லாமல் கட்டியது! மாத்திரைக்கு ஆயிரங்கள் தரமாட்டானாம், ஐசியூவுக்கு லட்சம் தருவானாம். இது என்ன வியாபாரக் கணக்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"ஜிஎச்சுக்குப் போகலாமே, மாத்திரை இலவசம்தானே" என்று சிலர் சொல்வீர்கள். சரி, போகலாம்; போகிறவர்களுக்கு அது பெரிய ஆதரவுதான். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021லிருந்து பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிறவன் கேள்வி வேறு. அந்தப் பணம் எதற்கு?

இதய பலவீனத்துக்கு அப்பா போடும் சாகுபிட்ரில்-வால்சார்டான் மாத்திரை விலை இறங்கியதுகூட இன்சூரன்ஸ் புண்ணியத்தில் இல்லை. 2023 ஜனவரியில் காப்புரிமை முடிந்தது, நம்மூர்க் கம்பெனிகள் வரிசையாகத் தயாரித்து விற்க ஆரம்பித்தன, அவ்வளவுதான். ஸ்டென்ட் விலைக்கு 2017இல் அரசு உச்சவரம்பு வைத்ததும் இப்படித்தான் வெளியிலிருந்து வந்த உதவி.

மருந்து விலையில் அநியாயத்துக்குப் பேர்போன அமெரிக்காவே முதியோர் மருந்துக் காப்பீட்டில் 2025இலிருந்து ஒரு வரம்பு வைத்துவிட்டது. வருஷத்துக்கு 2,000 டாலர் வரைதான் நோயாளி கைக்காசு. அதற்கு மேல் அந்தக் காப்பீட்டில் உள்ள மருந்துகளுக்கு ஒரு பைசா கிடையாது. 2026இல் அது 2,100. அந்தத் தொகை நமக்கு வேண்டாம், அந்த முறை வேண்டும். 60 வயது தாண்டியவர், நிறுத்தக் கூடாத மருந்து, வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல் அவர் தலையில் விழக் கூடாது. இதை எழுதிவைக்க, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு விதி போடும் ஐஆர்டிஏஐக்கு என்ன தடை? வாய்வழி கீமோதெரபியை, அதாவது புற்றுநோய்க்கு வாய்வழி போடும் மருந்தை, பாலிசியில் சேர்த்தே ஆக வேண்டும் என்று 2019இல் உத்தரவு போட்டவர்கள்தானே?

போன வாரம் ரினியூவலுக்கு ஏஜென்ட் வந்தார். ஜிஎஸ்டி எடுத்துட்டாங்க சார், பிரீமியம் குறையும் என்றார். மாத்திரைக்கு வழி உண்டா என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில படுக்காமலே ஆகுற செலவுக்கு ஓபிடி கவர்னு தனியா இருக்கு, ஆனா அப்பா வயசுக்குத் தரமாட்டாங்க சார் என்றார்.